காந்தளின் நஞ்சும் நரம்பின் சட்டகமும்

கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது மலர்களின் பெயர்கள் அடுக்கப்பட்டிருப்பதைத் தமிழ் பயின்றோர் அறிவர். அவ்வரிசையின் தலையில் நிற்பது செங்காந்தள். மகளிரின் மெல்விரலுக்குச் சங்கப் புலவர் உவமையாக எடுத்தாண்ட மலரும் அதுவே. இன்று அது தமிழ்நாட்டின் மாநில மலர். ஒட்டன்சத்திரம், மூலனூர், வேதாரணியம் ஆகிய பகுதிகளில் உழவர் இதனைக் கொடியேற்றிப் பயிரிடுகின்றனர். பூவின் அழகு அவர்களுக்குப் பொருட்டன்று. விதையே விலைபோகும் பொருள். கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு, கார்த்திகைப்பூ என ஊருக்கு ஊர் பெயர் வேறுபடினும், விதையிலும் கிழங்கிலும் உறைந்திருக்கும் நச்சுப்பொருள் ஒன்றே. அதன் பெயர் கொல்கிசின்.

இந்நஞ்சுக்கும் நம் உடலில் ஓடும் மின்துடிப்புக்கும் தொடர்புண்டு. அத்தொடர்பைப் பற்றிக்கொண்டு சென்றால், நரம்பணுவின் உட்புறத்தே மறைந்து கிடக்கும் ஒரு கட்டுமானத்தின்முன் போய் நிற்போம். சைட்டோஸ்கெலிடன் என்று உயிரியலார் கூறும் அதனை உயிரணுச் சட்டகம் என்று இக்கட்டுரையில் வழங்குவோம். உயிரணுவின் எலும்புக்கூடு என நேர்பொருள் கொள்வாரும் உளர். அது அத்துணைப் பொருத்தமில்லை. எலும்பு ஆண்டுக்கணக்கில் நிலைத்து நிற்பது. இதுவோ ஒருபுறம் கட்டப்பட்டுக்கொண்டும் மறுபுறம் பிரிக்கப்பட்டுக்கொண்டும் இருப்பது. திருமணப் பந்தலின் கால்களையும் கயிறுகளையும் நினைத்துக்கொண்டால் உண்மைக்குச் சற்று அண்மையில் இருப்போம்.

சட்டகத்தில் மூவகை இழைகள் உள்ளன. டியூபுலின் என்னும் புரத மணிகள் கோத்து உருவாகும் நுண்குழல்கள் தடித்தவை. குறுக்களவு 25 நானோமீட்டர். ஆக்டின் இழைகள் மெலிந்தவை, 7 நானோமீட்டர். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட 10 நானோமீட்டர் நரம்பிழைகள் ஆக்சானின் பருமனை நிறுவுபவை. ஆக்சான் என்பது நரம்பணுவின் உடலிலிருந்து நீண்டு செல்லும் வால். இடுப்பில் தொடங்கிக் கால்விரலில் முடியும் ஆக்சான் ஒரு மீட்டர் வரை நீளும். அதன் பருமனோ ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் ஒரு பங்கு அல்லது இரு பங்குதான். இத்தனை மெலிந்த இழை, நாம் நடக்கும்போதும் மடங்கி அமரும்போதும் அறுந்துபோகாமல் இருப்பதே ஒரு வியப்பு.

மின்துடிப்பு எவ்வாறு எழுகிறது?

நரம்பணுவைச் சூழ்ந்திருக்கும் சவ்வு, கொழுப்பு மூலக்கூறுகள் ஈரடுக்காக அமைந்த மெல்லிய படலம். ஒரு மில்லிமீட்டரை இரண்டு இலட்சம் கூறாக்கினால் வரும் ஒரு கூறே அதன் தடிப்பு, அதாவது ஏறத்தாழ 5 நானோமீட்டர். இதன் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறக்குறைய 70 மில்லிவோல்ட் தாழ்ந்த மின்னழுத்தத்தில் இருக்கிறது. கைவிளக்கின் மின்கலத்தோடு ஒப்பிட்டால் இது அற்பமே. ஆயினும் அவ்வளவு மெல்லிய தடிப்பில் நிற்கும் அழுத்தம் ஆதலின், கணக்கிட்டுப் பார்த்தால் ஒரு சென்டிமீட்டருக்கு 1,40,000 வோல்ட் என்ற அளவில் மின்புலம் அமைகிறது. சவ்வில் பதிந்திருக்கும் சோடியம் வாயில்கள் என்னும் புரதங்கள் இம்மின்புலத்தின் மாற்றத்தை உணர்ந்து திறப்பவை. தூண்டல் ஓர் எல்லையைக் கடந்ததும் வாயில்கள் திறக்கும். வெளியே மிகுந்திருக்கும் சோடியம் அயனிகள் உட்புகும். உட்புகுந்தமையால் மின்னழுத்தம் மேலும் மாறி அடுத்துள்ள வாயில்களும் திறக்கும். ஆயிரத்தில் ஒரு நொடிக்குள் அவை அடைபட, பொட்டாசியம் வாயில்கள் திறந்து பழைய நிலையை மீட்கும். இத்துடிப்பு ஆக்சான் நெடுகிலும் ஓடுவதே நரம்புச் செய்தி.

இதனைக் கணித முறையில் நிறுவியவர்கள் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்னும் ஆங்கிலேய அறிஞர் இருவர். 1952-இல் அவர்கள் வெளியிட்ட சமன்பாடுகளுக்காக 1963-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அவர்கள் ஆராய்ந்தது கணவாயின் பேராக்சான். நம் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் கூடை கூடையாக வந்திறங்கும் ஊசிக்கணவாய்க்கு நெருங்கிய உறவினம் அது. அதன் உடலில் ஓடும் பேராக்சான் அரை மில்லிமீட்டருக்கும் மேற்பட்ட பருமன் கொண்டது, வெறுங்கண்ணுக்கே புலப்படும். உள்ளே மின்கம்பியைச் செலுத்தி அளவெடுக்க இயற்கையே அமைத்துத் தந்த குழாய் எனலாம்.

1961-இல் பேக்கர், ஹாட்ஜ்கின், ஷா ஆகிய மூவரும் ஒரு துணிச்சலான சோதனையைச் செய்தனர். பற்பசைக் குழாயைப் பிதுக்குவதுபோல் அப்பேராக்சானை உருளை கொண்டு பிதுக்கி, உள்ளிருந்த கூழ்ப்பொருளில் பெரும்பகுதியை வெளியேற்றினர். பின்னர் வெறும் பொட்டாசிய உப்புக் கரைசலை உள்ளே நிரப்பினர். துடிப்பு நிற்கவில்லை. ஆயிரக்கணக்கில் மீண்டும் மீண்டும் எழுந்தது. இதிலிருந்து பலரும் பெற்ற முடிவு தெளிவானது: மின்துடிப்புக்குச் சவ்வும் உப்பும் போதும், உள்ளே இருக்கும் கூழும் அதன் இழைகளும் வெறும் நிரப்பு. பாடநூல்களும் அவ்வாறே எழுதப்பட்டன. இன்றும் நம் மாணவர் பலர் நரம்பணுவின் படத்தை வரையும்போது சவ்வை அழுத்தமாக வரைந்து உட்புறத்தை வெற்றிடமாக விட்டுவிடுகின்றனர்.

பிதுக்கியபோது வெளியேறியது பெரும்பகுதிதானே ஒழிய முழுமையும் அன்று என்பதைக் கருத்தில் கொண்டவர்கள் ஜப்பானியர். சவ்வின் உட்புறத்தை ஒட்டி ஒரு மெல்லிய ஏடு தங்கிவிடுகிறது. கென் மட்சுமோட்டோ என்னும் அறிஞர் அவ்வேட்டைத் தம் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். கணவாய் சினங்கொண்ட உயிர். தொட்டியில் விட்டால் விரைவில் மாண்டுபோகும். அதனை நெடுநாள் வளர்க்கும் முறையைக் கண்டறிந்த பிறகே அவருடைய ஆய்வு சூடுபிடித்தது. 1979 முதல் 1984 வரை அவரும் சகாய் முதலியோரும் வெளியிட்ட கட்டுரைகளின் சாரம் இது: கொல்கிசின், வின்பிளாஸ்டின் போன்ற, நுண்குழல்களைக் கலைக்கும் பொருள்களை ஆக்சானின் உட்புறம் செலுத்தினால் துடிப்பு மங்குகிறது; குறிப்பாகச் சோடிய மின்னோட்டம் குறைகிறது. டியூபுலினையும் அதனோடு இணைந்த வேறு சில புரதங்களையும் உரிய சூழலில் மீண்டும் உட்செலுத்தினால் மங்கிய துடிப்பு ஓரளவு மீள்கிறது. இரண்டாவது பகுதிதான் கவனிக்கத்தக்கது. ஒரு பொருளைக் கெடுத்து விளைவு கெடுவதைக் காட்டுதல் எளிது. கெட்டதை அதே பொருளால் சீராக்கிக் காட்டுதல் அரிது.

இருப்பினும் ஓர் ஐயம் எழுவது இயல்பே. செலுத்திய நஞ்சு நுண்குழலைத் தொட்டதா, அன்றிச் சவ்வையும் வாயில்களையும் நேராகத் தாக்கியதா? இவ்வையம் தீர வேறொரு திசையிலிருந்து விடை வரவேண்டியிருந்தது. அது வந்த திசை யாரும் எதிர்பாராதது.

குருதியிலிருந்து வந்த விடை

சிவப்பணுவுக்கு மின்துடிப்பு இல்லை. எனினும் மெல்லிய குருதிநாளங்களில் நசுங்கி நெளிந்து செல்லும்போது உடையாத உறுதி அதற்கு வேண்டும். அதன் சவ்வுக்கு அடியில் வலை போன்ற ஒரு பின்னலாக ஸ்பெக்ட்ரின் என்னும் நீள்புரதம் இருப்பதை 1968-இல் மார்க்கேசி, ஸ்டீயர்ஸ் இருவரும் பிரித்தறிந்தனர். அவ்வலை சவ்வோடு எவ்வாறு கட்டப்பட்டிருக்கிறது என்று தேடிய வான் பென்னெட் 1979-இல் இடைநின்று பிணைக்கும் புரதத்தைக் கண்டறிந்தார். நங்கூரத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் அது அங்கிரின் எனப் பெயர் பெற்றது. வலைக்கும் படகுக்கும் நடுவே நங்கூரம் என்று உவமையைச் சற்றுக் கலந்தாலும் பிழையில்லை.

பின்னர் அங்கிரினின் உறவுப் புரதங்கள் மூளையிலும் இருப்பது தெரியவந்தது. 'அங்கிரின்-ஜி' எனப்படும் வகை நரம்பணுவில் எல்லா இடத்தும் பரவி இருப்பதில்லை. ஆக்சான் தொடங்கும் இடத்தில், சில பத்து மைக்ரான் நீளமுள்ள ஒரு சிறு பகுதியில் அது செறிந்திருக்கிறது. அப்பகுதிக்குத் தொடக்கத் துண்டம் என்று பெயர். அங்கேதான் நரம்பணுவின் துடிப்பு பிறக்கிறது. ஆயிரக்கணக்கான இடங்களிலிருந்து வந்து சேரும் தூண்டல்களைக் கூட்டிக் கழித்து, செய்தி அனுப்புவதா இல்லையா என்று முடிவெடுக்கப்படும் இடம் அது. 1968-இல் பாலேயும் அவருடைய குழுவினரும் மின்னணு நுண்ணோக்கியால் இப்பகுதியைப் பார்த்தபோது, சவ்வின் அடியில் அடர்ந்த ஒரு பூச்சும், உள்ளே கட்டுக்கட்டாகப் பிணைந்த நுண்குழல்களும் இருப்பதைப் பதிவு செய்திருந்தனர். அது எதற்காக என்பது முப்பது ஆண்டுகள் விளங்காமலிருந்தது.

1998-இல் பென்னெட்டின் குழுவினர் சிறுமூளையில் அங்கிரின்-ஜி உருவாகாத எலிகளைத் தோற்றுவித்தனர். அவ்வெலிகளின் நரம்பணுக்களில் சவ்வு இருந்தது, உப்பு இருந்தது. சோடியம் வாயில்கள் மட்டும் தொடக்கத் துண்டத்தில் திரளவில்லை. துடிப்பு செம்மையாக எழவில்லை. எலிகள் தள்ளாடி நடந்தன. சவ்வும் உப்பும் போதும் என்ற பழைய முடிவு இங்கே தடுமாறுகிறது. வாயில் இருந்தால் போதாது, வாயில் உரிய இடத்தில் நிறுத்தப்படவேண்டும், நிறுத்துவது சட்டகம். இதற்கு மூன்றாண்டுகள் கழித்து மற்றொரு செய்தி வந்தது. நடுங்கெலி என்று அழைக்கத்தக்க, பிறவியிலேயே உடல் நடுங்கும் எலிவகையொன்று ஆய்வகங்களில் நெடுங்காலமாக இருந்துவந்தது. அதன் குறை ஸ்பெக்ட்ரினின் ஒரு வகையான பீட்டா-நான்கில் இருப்பது 2001-இல் கண்டறியப்பட்டது. வலை கிழிந்தால் நங்கூரம் நிற்காது. நங்கூரம் நிற்காவிடின் வாயில் நிற்காது.

வாயிலின் எப்பகுதியை நங்கூரம் பற்றுகிறது? இவ்வினாவுக்கு விடையளித்தது நம் ஊருக்குப் பழக்கமான ஒரு நகரம். புதுவையிலிருந்து கப்பலேறியவர் கரையிறங்கிய மார்செய் நகரில், தர்ழான் அம்மையாரின் ஆய்வகம் 2003-இல் சோடியம் வாயிலில் 27 அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்ட ஒரு சிறு பகுதி தொடக்கத் துண்டத்துக்கு வாயிலை இட்டுச் செல்வதைக் காட்டியது. அதே ஆய்வகத்திலிருந்து லெத்தரியே முதலியோர் 2011-இல் வெளியிட்ட கட்டுரை மட்சுமோட்டோவின் ஐயத்துக்கு நேரே வந்து நிற்கிறது. நுண்குழலின் நுனியைப் பற்றும் சில புரதங்கள் மறுகையால் அங்கிரின்-ஜியையும் பற்றுகின்றன என்று அவர்கள் கண்டனர். அதாவது சோடியம் வாயில், அங்கிரின், நுண்குழல் என ஒரு சங்கிலி உண்டு. கணவாய் ஆக்சானில் கொல்கிசின் செய்தது இச்சங்கிலியின் வழியாகத்தான் என்று இதனால் உறுதிப்படவில்லை. கணவாய் வேறு, எலி வேறு. ஆனால் அவ்வாறு நிகழ்வது இயலாதது என்று ஒதுக்கும் நிலை இனி இல்லை.

இச்சங்கிலியைக் கண்ணால் காணும் வாய்ப்பு 2013-இல் கிட்டியது. ஒளி நுண்ணோக்கியின் பழைய எல்லையைக் கடந்த புதிய கருவியொன்றால் ஹார்வர்டைச் சேர்ந்த சியாவெய் சுவாங் குழுவினர் ஆக்சானை நோக்கினர். பீப்பாய்க்கு இரும்பு வளையம் இட்டதுபோல், சவ்வின் அடியில் ஆக்டின் வளையங்கள் வரிசையாக நின்றன. ஒரு வளையத்துக்கும் அடுத்த வளையத்துக்கும் இடைவெளி 180 முதல் 190 நானோமீட்டர். இடைவெளியை இட்டு நிரப்பியது ஸ்பெக்ட்ரின். தொடக்கத் துண்டத்தின் சோடியம் வாயில்களும் அதே இடைவெளியில், அதே ஒழுங்கில் அமைந்திருந்தன. நூறாண்டுக்கும் மேலாக ஆக்சானை நுண்ணோக்கியில் பார்த்துவந்த உலகுக்கு இவ்வளையங்கள் அதுவரை தெரியாமலிருந்தன என்பது எண்ணத்தக்கது. ஸ்பெக்ட்ரின் இல்லாத புழுக்களில் ஆக்சான்கள் அறுந்துபோவது 2007-இலேயே அறியப்பட்டிருந்தது. அப்புழு நெளியாதவாறு செயலிழக்கச் செய்தால் ஆக்சான் அறுவதில்லை. நெளிவைத் தாங்கும் வில்லாகவும், வாயில்களை நிறுத்தும் சட்டமாகவும் ஒரே அமைப்பு இரு பணிகளை ஏற்றிருக்கிறது.

இச்சட்டகம் அசையாத கல்லன்று என்று முன்னர்க் கூறினோம். 2010-இல் ஜப்பானில் குபாவும் அவர்தம் துணைவரும் கோழிக்குஞ்சுகளின் செவிப்புலனை நீக்கிப் பார்த்தனர். ஒலி வராத நரம்பணுக்களில் சில நாள்களில் தொடக்கத் துண்டம் நீண்டு, அந்நரம்பணு எளிதில் துடிக்கும் தன்மை பெற்றது. மெல்லக் கேட்கும் பேச்சுக்குக் காதைக் கூர்மையாக்கிக்கொள்வது போன்றது இது. மூளை கற்பது நரம்பணுக்களுக்கு இடையிலான சந்திப்புகளில் மட்டுமே என்றெண்ணியிருந்தோர்க்கு இச்செய்தி புதிய பாடம்.

ரான்வியேயின் கணுக்கள்

உறை போர்த்திய ஆக்சானில், ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு முறை உறை விலகி ஆக்சான் வெளித்தெரியும் இடங்கள் உண்டு. கரும்பின் கணுக்களைப் போன்றவை. இவற்றை விவரித்தவர் லூயி ரான்வியே என்னும் பிரெஞ்சு அறிஞர். நம் பாடநூல்கள் ரான்வியர் என்றே எழுதுகின்றன. பிரெஞ்சு ஒலி பழகிய புதுவையில் அப்பெயரைத் திருத்தமாக ஒலிப்பதில் நமக்குச் சிரமமில்லை. ஒரு மைக்ரான் நீளமே உள்ள கணுவில், சதுர மைக்ரானுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட சோடியம் வாயில்கள் நெருங்கி நிற்கின்றன. அவற்றை நிறுத்துவதும் அங்கிரின்-ஜியும் பீட்டா-நான்கு ஸ்பெக்ட்ரினுமே. துடிப்பு கணுவுக்குக் கணு தாவிச் செல்வதால்தான், உறையில்லா நரம்பில் நொடிக்கு ஒரு மீட்டர் அளவில் ஊரும் செய்தி, உறையுள்ள பருத்த நரம்பில் நொடிக்கு நூறு மீட்டர்வரை விரைகிறது.

கியான்-பாரே என்னும் திடீர் வாதநோயின் ஒரு வகையில், உடலின் எதிர்ப்புப் பொருள்களே இக்கணுக்களைத் தாக்குகின்றன. முயல்களில் நடந்த ஆய்வொன்று, அத்தாக்குதலில் சோடியம் வாயில்களின் திரளும் அவற்றைத் தாங்கும் சட்டகமும் ஒருங்கே குலைவதை 2007-இல் காட்டியது. மூளைக்குக் குருதி தடைப்படும் பக்கவாதத்திலும் இதனையொத்த ஒன்று நிகழ்கிறது. கால்சியம் வெள்ளமெனப் புகுந்து கால்பெயின் என்னும் நொதியத்தைக் கிளர்த்துகிறது. அந்நொதியம் அங்கிரினையும் ஸ்பெக்ட்ரினையும் வெட்டுகிறது. நரம்பணு உயிரோடு இருந்தும் துடிப்பைத் தோற்றுவிக்க இயலாது போவதற்கு இது ஒரு வழி. இதயமும் மின்துடிப்பால் இயங்கும் உறுப்பே. பிரான்சு நாட்டுக் குடும்பமொன்றில் தலைமுறைதோறும் தொடர்ந்த இதயத்துடிப்புக் கோளாற்றுக்கு அங்கிரினின் வேறொரு வகையில் உள்ள ஓர் எழுத்துப் பிழையே காரணம் என்று 2003-இல் நிறுவப்பட்டது. ஓர் எழுத்து மாறினால் பொருள் மாறிவிடும் என்பதைத் தமிழ்த்துறையார்க்கு விளக்க வேண்டியதில்லை.

மருந்தும் நரம்பும்

மீண்டும் செடிகளுக்கு வருவோம். கொல்கிசினைப் பிரித்தெடுத்தவர்கள் பாரிசு நகரத்து மருந்தாளுநர்களான பெல்த்தியே, காவந்தூ இருவர், ஆண்டு 1820. அவர்கள் எடுத்துக்கொண்டது காந்தளை அன்று, அதன் குடும்பத்தைச் சேர்ந்த ஐரோப்பியச் செடியை. அக்குடும்பத்துக் கிழங்கை மூட்டுவலிக்கு மருந்தாக்கும் வழக்கம் அதற்குப் பல நூற்றாண்டு முற்பட்டது. சூரிஞ்சான் என்ற பெயரில் இப்னு சீனாவின் மருத்துவ நூலில் அது இடம்பெற்றது; யூனானி மருத்துவர் இன்றும் அப்பெயரையே வழங்குகின்றனர். பாரிசில் கொல்கிசின் வெளிப்பட்ட மூன்றாண்டில், 1823-இல், புதுச்சேரியில் பிரெஞ்சு அரசின் மருத்துவப் பள்ளி தோன்றியது. அப்பள்ளியின் வழிவந்ததே 1956-இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரியாகி, 1964-இல் ஜிப்மர் என்று பெயர் பெற்றுக் கோரிமேட்டில் நிற்கும் மருத்துவமனை.

அம்மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவுக்கு வரும் குழந்தைகளுள் குருதிப்புற்று நோயாளிகள் பலர். அந்நோய்க்கு உலகெங்கும் தவறாது தரப்படும் மருந்துகளுள் ஒன்று வின்கிரிஸ்டின். அது நித்தியகல்யாணிச் செடியின் இலையிலிருந்து வருவது. சுடுகாட்டுமல்லி என்று நம் பக்கத்தில் ஒதுக்கப்பட்ட அச்செடியின் தாயகம் மடகாஸ்கர் தீவு. நம் தென்மாவட்டங்களில் இன்று பயிராகிறது. ஒரு கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ உலர்ந்த இலை வேண்டும். 1963-இல் இது மருந்தாக ஒப்புதல் பெறுவதற்கு முன், அந்நோய் கண்ட குழந்தை பிழைப்பது அரிது. இன்று இதனோடு பிற மருந்துகளையும் சேர்த்து, செல்வ நாடுகளில் பத்தில் எட்டுக்கு மேற்பட்ட குழந்தைகள் நலம் பெறுகின்றனர்.

வின்கிரிஸ்டின் செய்வது கொல்கிசின் செய்வதையே. டியூபுலின் மணிகளைப் பற்றிக்கொண்டு அவை குழலாகக் கோப்பதைத் தடுக்கிறது. உயிரணு இரண்டாகப் பிரியும்போது நிறப்புரிகளை இருபுறமும் இழுப்பவை நுண்குழல்களே. அவை இல்லையேல் பிரிவு நின்றுவிடும். ஓயாது பிரியும் புற்றணு இவ்வாறு வீழ்கிறது. நரம்பணுவோ பிரிவதில்லை, அதற்குத் தீங்கு வரக்கூடாதே என்று எண்ணத் தோன்றும். ஆனால் நரம்பணுவுக்கு நுண்குழல் பெருவழிச்சாலை. வாயில் புரதங்களும் அங்கிரினும் நரம்பணுவின் உடலில்தான் செய்யப்படுகின்றன. அங்கிருந்து ஒரு மீட்டர் தொலைவில் உள்ள கால்விரல் வரை அவற்றைச் சுமந்து செல்வது, 1985-இல் கண்டறியப்பட்ட கைனெசின் என்னும் சுமைப்புரதம். அது நடப்பது நுண்குழலின்மேல். விரைவான சரக்கு நாளொன்றுக்கு 400 மில்லிமீட்டர் செல்லும். ஆகவே கால்விரலை அடைய இரண்டரை நாள். மெல்லச் செல்வனவோ நாளுக்குச் சில மில்லிமீட்டரே நகர்வதால் ஓராண்டும் எடுத்துக்கொள்ளும். சாலை சிதைந்தால் முதலில் பட்டினி கிடப்பது கடைக்கோடி ஊர் அல்லவா? அதனால்தான் வின்கிரிஸ்டின் பெறுவோர்க்கு உணர்விழப்பு கால்விரலிலும் கைவிரலிலும் தொடங்கி மேலேறுகிறது.

முதலில் மறைவது குதிகால் தசைநாணைத் தட்டினால் பாதம் துள்ளும் எதிர்வினை. குழந்தை அதனை உணர்வதில்லை. மருத்துவரின் சிறு சுத்தியலே கண்டுகொள்ளும். பிறகு விரல் நுனிகளில் எறும்பு ஊர்வதுபோல் மதமதப்பு, சட்டைப் பொத்தானை மாட்டுவதில் தடுமாற்றம், செருப்பு கழன்று விழுவது தெரியாமை, நடக்கையில் பாதத்தின் முன்பகுதி தொங்கி இடறுதல், மலச்சிக்கல், தாடை வலி ஆகியவை தோன்றலாம். குழந்தை அடம்பிடிக்கிறது, எழுத சோம்புகிறது என்று பெற்றோர் கருதிவிடுவதுண்டு. உரிய காலத்தில் மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைக்கவோ இடைவெளி விடவோ இயலும். ஒரு வேளைக்கு இரண்டு மில்லிகிராமுக்கு மேல் தருவதில்லை என்ற வரம்பைப் பெரும்பாலான மருத்துவர் கடைப்பிடிப்பதும் நரம்பை முன்னிட்டே. இம்மருந்து சிரை வழியாக மட்டுமே செல்லவேண்டும். தண்டுவட நீரில் தவறிச் செலுத்தப்பட்டால் பெரும்பாலும் உயிரைப் பறித்துவிடும் என்பதால், உலக நலவாழ்வு நிறுவனம் 2007-இல் எச்சரிக்கை விடுத்து, ஊசிக்குழலில் தராமல் சிறு பையில் கலந்து சொட்டாக ஏற்றுமாறு பரிந்துரைத்தது.

நுண்குழலைக் கலைக்காமல் மாறாக இறுக உறையச் செய்யும் டாக்சால் என்ற மருந்தும் உண்டு. அதனைக் கண்டறிந்த இருவருள் ஒருவர் மகாராட்டிரத்தில் பிறந்த மன்சுக் வானி. அம்மருந்தும் இதே விரல் மதமதப்பைத் தருகிறது. கலைத்தாலும் கேடு, கலையவிடாமல் கட்டிப்போட்டாலும் கேடு. கட்டுவதும் பிரிப்பதும் ஓயாது நடக்கும் நிலையே நரம்புக்கு நலம்.

காந்தள் கிழங்கை வள்ளிக்கிழங்கு என்று மயங்கி அவித்து உண்டோரும் உளர். வேறு காரணங்களால் உண்டோரும் உளர். தமிழகத்திலும் இலங்கையிலும் இந்நச்சு நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் தொடர்ந்து பதிவாகி வந்துள்ளன. சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். ஒரு நாள் கழித்துச் சற்றுத் தெளிவதுபோல் தோன்றுவது ஏமாற்று. எலும்பு மச்சையும் சிறுநீரகமும் இதயமும் தளர்வது அதன் பின்னரே. உயிர் பிரிவது பெரும்பாலும் இவற்றால்தான், நரம்பால் அன்று. பிழைத்தோர் சிலர்க்குக் கால்களிலிருந்து மேலேறும் தளர்ச்சி வருகிறது. இதற்கென எளிதில் கிடைக்கும் மாற்று மருந்து இல்லை. எனவே உண்டது தெரிந்தவுடன், நோய்க்குறி தோன்றும்வரை காத்திராமல் மருத்துவமனைக்கு விரைவதே வழி. இலங்கையில் இக்கிழங்கை உண்டு பிழைத்த ஓர் இளம்பெண்ணின் தலைமுடி முழுவதும் உதிர்ந்துபோனதை 1966-இல் பிரித்தானிய மருத்துவ இதழ் வெளியிட்டது. விரைந்து பிரியும் மயிர்க்கால் அணுக்கள் நுண்குழலின்றி நின்றுபோனமையே அதன் காரணம்.

உதிர்ந்த முடி சில மாதங்களில் மீண்டும் தழைத்துவிடும். நரம்பின் கணக்கு வேறு. வின்கிரிஸ்டின் நிறுத்தப்பட்ட பிறகும் சில வாரங்கள் மதமதப்பு கூடுவதுண்டு; இதனை முன்கூட்டியே அறிந்திராத பெற்றோர் அஞ்சிப் போகின்றனர். அதன் பின்னரே மீட்சி தொடங்கும். சிதைந்த ஆக்சான் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வளர்கிறது. வளரும் நுனியில் டியூபுலின் மணிகள் கோக்கப்பட வேண்டும், ஆக்டின் வளையங்கள் இடப்பட வேண்டும், நங்கூரங்கள் வந்து சேர வேண்டும், வாயில்கள் அவற்றில் பொருந்த வேண்டும். பத்து வயதுக் குழந்தையின் முழங்காலுக்குக் கீழிருந்து பாதம்வரை 30 சென்டிமீட்டர் என்று கொண்டால், அதற்கு முந்நூறு நாள் ஆகிறது.